வெளிய மொட்டச் சுவர், உள்ள தங்கக் காடு: பரோக்னா என்னன்னு ஒரே ஒரு கோயில வச்சு சொல்றேன்

பரோக்ங்கறது ஐரோப்பாவுல 1600-கள்ல பரவின ஒரு பாணி, கட்டிடம், ஓவியம், சிற்பம் எல்லாத்துலயும் வரும். மால்டா நாட்டோட தலைநகர் வல்லெட்டால செயின்ட் ஜான்ஸ் கோ-கத்தீட்ரல்னு ஒண்ணு இருக்கு. முதல் தடவ அதுக்கு முன்னாடி போய் நின்னப்ப கூகுள் மேப் தப்பான இடத்துல இறக்கி விட்டுடுச்சோன்னு நினைச்சேன், ஏன்னா எதிர்ல இருந்தது ஏதோ பழைய போலீஸ் குவார்ட்டர்ஸ் மாதிரி ஒரு கட்டிடம், தேன் கலர்ல வெறும் கல்லு, ரெண்டு பக்கமும் சதுரமா மணிக்கூண்டு, நடுவுல வாசல், வாசலுக்கு மேல ஒரு பால்கனி, அவ்ளோதான். "பரோக்னா என்னன்னு கேட்டியே, வா காட்றேன்"னு சொல்லி கூட்டிட்டு வந்த ஃப்ரெண்ட திரும்பி ஒரு பார்வை பாத்தேன். அவன் ஒண்ணும் பேசல, டிக்கெட்ட கையில திணிச்சு உள்ள போடான்னான்.

உள்ள போனா தலை சுத்திடுச்சு. தரை, சுவரு, தூணு, கூரை, எங்கயும் ஊசி குத்த இடமில்லாம வேலைப்பாடு. சுவரெல்லாம் பூவும் கொடியும் தேவதைங்களும் செதுக்கி அதுக்கு மேல தங்கம் பூசியிருக்காங்க, கூரை முழுக்க ஓவியம், தரை முழுக்க கலர் கலரா மார்பிள், எங்க கால வைக்கிறதுன்னே தெரியல. பலாப்பழம்தான் ஞாபகம் வந்துச்சு, வெளியிலிருந்து பாத்தா யாரும் கிட்டவே போக மாட்டாங்க, பிளந்து பாத்தாதான் தெரியும்.

ஊருக்கு வந்து இத சொன்னப்ப எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "அப்ப பரோக்னா நிறைய தங்கம் போட்டு கட்டுறதா?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். ஆனா அதே கோயில்ல, அந்த தங்கத்துலேந்து கொஞ்ச தூரம் நடந்தா ஒரு ஓவியம் இருக்கு, அதுல தங்கமும் கிடையாது பூவும் கிடையாது, பாதிக்கு மேல வெறும் இருட்டுச் சுவர். அதுவும் பரோக்தான். ரெண்டும் எப்படி ஒரே பேர்ல வருதுன்னு புரிஞ்சா பரோக் புரிஞ்ச மாதிரி. அதத்தான் இங்க சொல்ல பாக்கறேன், நான் ஆர்க்கிடெக்ட் எல்லாம் இல்ல, பாத்து படிச்சு தெரிஞ்சுகிட்டதுதான்.

முதல்ல பேரு. கத்தீட்ரல்னா பெரிய சர்ச்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க, அப்படி இல்ல. கத்தீட்ரான்னா நாற்காலி. ஒரு மறைமாவட்டத்தோட ஆயர், அதாவது பிஷப், எந்த கோயில்ல தன் நாற்காலிய போட்டிருக்காரோ அது கத்தீட்ரல், நம்ம பக்கம் பேராலயம்னு சொல்றது. மால்டாவுல ஆயரோட நாற்காலி முன்னாடியிருந்தே மதீனாங்கற பழைய ஊர்ல செயின்ட் பால் பேராலயத்துல இருக்கு. 1816-ல போப் வல்லெட்டா கோயிலுக்கும் அதே அந்தஸ்த கொடுத்தாரு, அதனால இது "கோ"-கத்தீட்ரல். அதுக்கு முன்னாடி இது ஆயர் கோயிலே கிடையாது, நைட்டுங்களோட சொந்த கோயில். அந்த நைட்டுங்க கதை தெரியாம இந்த கட்டிடம் புரியாது, சுருக்கமா சொல்லிடறேன்.

செயின்ட் ஜான் சபை நைட்டுங்கன்னா பாதி துறவி பாதி படைவீரன். ஐரோப்பா பூரா பெரிய குடும்பத்துப் பசங்க, கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு வாக்கு கொடுத்துட்டு கத்திய தூக்கிட்டு ஆட்டோமான் துருக்கியரோட சண்டைக்குப் போறவங்க. மால்டாவுக்கு முன்னாடி ரோட்ஸ் தீவுல இருந்தாங்க, அங்கேந்து துரத்துனப்புறம் 1530-ல மால்டாவுக்கு வந்தாங்க. 1565-ல ஆட்டோமான் படை பெருசா வந்து முற்றுகை போட்டுச்சு, மாசக்கணக்கா நடந்துச்சு, எப்படியோ தாக்குப் பிடிச்சுட்டாங்க. அடுத்த வருஷமே, மறுபடி வந்தா என்ன பண்றதுன்னு ஒரு கோட்டை ஊரையே புதுசா கட்ட ஆரம்பிச்சாங்க, அதுதான் வல்லெட்டா. அப்ப கிராண்ட் மாஸ்டரா, அதாவது சபைத் தலைவரா இருந்தவரு ழான் தெ வலெட், ஊருக்கு அவர் பேரையே வச்சாங்க. அந்த ஊருக்குள்ள சபைக்குன்னு ஒரு கோயில் வேணும்ல, 1572-ல ஆரம்பிச்சு 1577-ல முடிச்சாங்க. கட்டினது ஜிரோலமோ காஸ்ஸார், மால்டாக்காரர், அவர் தொழிலே கோட்டை கட்றதுதான், மிலிட்டரி எஞ்சினியர். கோட்டை கட்றவர்கிட்ட கோயில் கட்டச் சொன்னா எப்படி இருக்கும்? தடிச் சுவரு, நேர்கோடு, அநாவசியமா ஒரு பூ கூட கிடையாது. வெளிய நாம பாக்கறது அவரோட கைதான். உள்ளயும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு, நீளமா ஒரு ஹால், மேல பாதி பீப்பாய கவுத்து வச்ச மாதிரி கூரை, ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன சேப்பல், அதாவது தனித்தனி ஜெப அறை, எல்லாம் வெறும் கல்லு.

அதாவது இந்த கோயில் பிறக்கும்போது பரோக் இல்ல. கிட்டத்தட்ட 90 வருஷம் கழிச்சு உள்பக்கத்த மட்டும் மாத்துனாங்க, வெளிப்பக்கத்த தொடவே இல்ல. அதனாலதான் புதுசா கத்துக்கறவங்களுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல, ஒரே கட்டிடத்துல "முன்னாடி", "பின்னாடி" ரெண்டும் பாத்துக்கலாம்.

அந்த 90 வருஷத்துக்குள்ள ஐரோப்பாவுல என்ன ஆச்சுங்கறதுதான் பரோக்கோட கதை. மார்ட்டின் லூதர்ங்கற ஜெர்மன் துறவி 1517-ல ஆரம்பிச்சு வச்ச சண்டையில கத்தோலிக்க திருச்சபை பாதி ஐரோப்பாவ கையவிட்டுடுச்சு. பிரிஞ்சு போனவங்கள்ல நிறைய பேரு சுரூபம் (சிலை), படம் எல்லாம் வேண்டாம்னு கோயில வெள்ளையடிச்சுட்டு பிரசங்கத்த மட்டும் கேட்டுட்டு உக்காந்தாங்க. கத்தோலிக்க பக்கம் திரெந்து பொதுச்சங்கம்னு 1545 லேந்து 1563 வரைக்கும் விட்டு விட்டு கூட்டம் போட்டு பேசினாங்க, கடைசி கூட்டத்துல படம் சுரூபம் பத்தியும் முடிவெடுத்தாங்க. படங்கள் வேணும், ஜனங்களுக்கு விசுவாசத்த சொல்லிக் கொடுக்கவும் பக்திய கிளப்பிவிடவும் அது தேவைன்னு. இதுல "கிளப்பிவிட"ங்கற இடம் முக்கியம். வேதம் என்ன சொல்லுதுன்னு காட்டினா மட்டும் போதாது, பாக்கறவன் உள்ளம் கலங்கணும், அழணும், பயப்படணும், நாமளும் அந்த இடத்துல இருக்கோம்னு தோணணும்.

அதுக்கு முந்தின மறுமலர்ச்சிக் காலத்து கட்டிடம் எப்படின்னா, கணக்கு வாத்தியார் மாதிரி, அளவு சரியா இருக்கும், வட்டம் வட்டமா இருக்கும், அமைதியா தள்ளி நின்னு ரசிக்கலாம், அது பாட்டுக்கு அது இருக்கும் நீ பாட்டுக்கு நீ இருக்கலாம். பரோக் அப்படி விடாது. கைய புடிச்சு உள்ள இழுக்கும். சுவரு நேரா இருக்க வேண்டிய இடத்துல வளையும், ஓவியத்துல இருக்கற ஆள் சட்டத்த தாண்டி கால வெளிய நீட்டுவான், எங்கேந்தோ வர்ற வெளிச்சம் சரியா பீடத்து மேல விழும். ஓவியம் எங்க முடியுது, சிற்பம் எங்க ஆரம்பிக்குது, கட்டிடம் எதுன்னு பிரிக்க முடியாதபடி எல்லாத்தையும் கலந்து ஒரே நாடகமா ஆக்குறதுதான் அதோட வித்தை, அதுல பாக்கறவனும் ஒரு பாத்திரம். தங்கம் அந்த நாடகத்துக்கு லைட்டிங் மாதிரி ஒரு சாமான், அவ்ளோதான்.

பரோக்ங்கற பேரே ஆரம்பத்துல திட்டற வார்த்தை. போர்ச்சுகீஸ்ல பர்ரோக்கோன்னா உருண்டையா இல்லாம கோணலா இருக்கற முத்து, அதுலேந்து வந்துச்சுன்னு சொல்றாங்க. பின்னாடி வந்தவங்க "இதென்ன கன்னாபின்னான்னு"ன்னு நக்கலா வச்ச பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. அந்தக் காலத்துல கட்டினவங்க யாரும் நாங்க பரோக் கட்றோம்னு சொல்லிட்டு கட்டல.

சரி, வல்லெட்டாவுக்கு வருவோம். 1660-கள்ல ரஃபாயேல் கொட்டோனேர், அவருக்கு அப்புறம் அவர் தம்பி நிக்கோலாஸ் கொட்டோனேர்னு மயோர்க்கா தீவுக்காரங்க ரெண்டு பேரு அடுத்தடுத்து கிராண்ட் மாஸ்டர் ஆனாங்க. இவங்க காலத்துலதான் மாத்தியா பிரெத்திங்கற ஓவியர் வந்தாரு. தெற்கு இத்தாலியில கலாப்ரியாக்காரர், அவரும் நைட்டுதான். 1661 லேந்து 1666 வரைக்கும் அந்த பீப்பாய் கூரை முழுசையும் வரைஞ்சு முடிச்சாரு. அப்புறம் ஊர விட்டு போகவே இல்ல, 1699-ல சாகற வரைக்கும் மால்டாவுலயே இருந்துட்டாரு, அடக்கம் பண்ணதும் அதே கோயில்லதான்.

பிரெத்தி பண்ண வேலை என்னன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாக்கணும். கூரை ஓவியம்னதும் ஃப்ரெஸ்கோன்னு நினைச்சுக்குவோம், அதாவது ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காயறதுக்குள்ள வரையறது. இவர் அப்படி பண்ணல, கல்லு மேலயே நேரா எண்ணெய் வண்ணத்துல வரைஞ்சாரு. மால்டா சுண்ணாம்புக் கல்லு எண்ணெய குடிக்கும், அதனால முதல்ல கல்லுக்கு வேணும்ங்கற அளவுக்கு எண்ணெய காட்டி தயார் பண்ணிட்டு அப்புறம் வண்ணம். கூரை நீளத்துக்கு ஆறு பத்தி, ஒவ்வொரு பத்தியிலயும் மூணு மூணு காட்சி, மொத்தம் 18, எல்லாம் திருமுழுக்கு யோவானோட, அதாவது கோயில் பேர்ல இருக்கற செயின்ட் ஜானோட வாழ்க்கை. பழைய ஆளுங்க ஸ்நாபக அருளப்பர்னு சொல்வாங்களே, அவர்தான், நைட்டுங்க சபைக்கே அவர்தான் பாதுகாவலர்.

காட்சிகள விட எனக்குப் பிடிச்சது ஓரத்துல இருக்கற ஆளுங்க. கூரை ஆரம்பிக்கிற இடத்துல, ஜன்னல் பக்கத்துல, புனிதர்களும் சபையோட வீரர்களும் உக்காந்தும் சாஞ்சும் இருப்பாங்க. முதல்ல பாத்தப்ப கல்லுல செஞ்சு வச்ச சிலைன்னுதான் நினைச்சேன், ஏன்னா அவங்க நிழல் பின்னாடி விழுந்திருக்கு. ரெண்டு நிமிஷம் கழிச்சு ஜன்னல பாத்தேன், வெளிச்சம் வேற மாதிரி வருது, நிழல் மாறவே இல்ல. அப்பதான் உறைச்சுது, நிழலையும் சேர்த்து வரைஞ்சிருக்காரு! கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்துட்டு இருந்தேன், எது செதுக்கின கல்லு, எது வரைஞ்ச கல்லுன்னு இப்பவும் சில இடத்துல சத்தியமா சொல்ல முடியாது. இதுதான் நான் சொன்ன கலக்கல்.

சுவத்துல இருக்கற வேலைப்பாட்டுக்கும் டிசைன் பிரெத்தியோடதுதான். நிறைய ஊர்ல இந்த மாதிரி பூ, தேவதை எல்லாம் சுண்ணாம்புச் சாந்துல தனியா செஞ்சு ஒட்டுவாங்க, சீக்கிரம் முடியும். இங்க அப்படி ஒட்டு வேலை இல்ல, ஏற்கனவே நின்னுட்டு இருந்த கோயில் சுவத்தையே உளி வச்சு செதுக்கியிருக்காங்க, அதாவது தப்பா ஒரு தட்டு தட்டிட்டா மாத்திக்க முடியாது. மால்டா கல்லு வெட்டி எடுத்த புதுசுல மெதுவா இருக்கும், காத்துப் பட பட இறுகும், செதுக்கறதுக்கு தோதான கல்லு. அந்த பூக்களுக்கு நடுவுல கொஞ்சம் உத்துப் பாத்தா எட்டு முனை சிலுவை வரும், அது சபையோட சின்னம். அப்புறம் ஒரு செடி வரும், திரும்பத் திரும்ப வரும். என்ன செடின்னு பாத்தா பருத்தி! கொட்டோனேர் குடும்பத்து சின்னம் பருத்திச் செடி, பேர்லயே பஞ்சு இருக்கு பாருங்க. பணம் போட்டவன் பேர டியூப்லைட்டுல எழுதுற பழக்கம் நம்மளுது மட்டும் இல்லன்னு ஒரு சந்தோஷம்.

இவ்ளோ பணம் எங்கேந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. ஒரு வழக்கம் இருந்துச்சு, புதுசா கிராண்ட் மாஸ்டர் ஆகறவங்க கோயிலுக்கு ஒரு பெரிய காணிக்கை கொடுக்கணும். 1697-ல ராமோன் பெரெல்யோஸ் பதவிக்கு வந்தப்ப அவர் கொடுத்தது பிரஸ்ஸல்ஸ்ல நெய்த 29 திரைச்சீலை, அதுல நிறைய ரூபன்ஸ்ங்கற ஓவியர் வரைஞ்ச மாதிரிகள வச்சு நெய்ததுதான், நெய்ததுன்னு சொன்னா நம்ப முடியாது, ஓவியம் மாதிரியே இருக்கும், அந்தக் காலத்துல திருவிழா நாள்ல கோயில் நீளத்துக்கும் தொங்கவிட்டாங்க. போதாக்குறைக்கு நைட்டுங்க பேசற மொழிவாரியா குழு குழுவா பிரிஞ்சிருந்தாங்க, பிரான்ஸ், ப்ரொவான்ஸ், ஓவேர்ன், இத்தாலி, அரகோன், ஜெர்மனின்னு. ரெண்டு பக்கமும் இருக்கற சேப்பல்கள இவங்களுக்கு பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. அப்புறம் என்ன, எங்க சேப்பல் பெருசா உங்க சேப்பல் பெருசான்னு போட்டிதான்.

இந்த அழகுக்கு பின்னாடி ஒரு கசப்பும் இருக்கு, அதையும் பரோக் மறைக்காம காட்டிடுது. அரகோன் குழு சேப்பல்ல நிக்கோலாஸ் கொட்டோனேரோட நினைவுச் சின்னம் இருக்கு, ரோம்ல பேர் வாங்கின தொமேனிக்கோ கூய்தி செஞ்சது. மேல கொட்டோனேர், சுத்தி போர்ல பிடிச்ச ஆயுதங்க, மொத்த பாரத்தையும் கீழ ரெண்டு அடிமைங்க முதுகுல தாங்கிட்டு இருக்காங்க, ஒருத்தர் ஆசியாவுக்கு ஒருத்தர் ஆப்பிரிக்காவுக்கு அடையாளம்னு சொல்றாங்க. நைட்டுங்க கப்பல்ல துடுப்பு போட்டது அடிமைங்கதான், கடல்ல பிடிச்ச ஆளுங்கள விக்கறது அந்தத் தீவுல பெரிய வியாபாரமா இருந்துச்சு. அந்த ரெண்டு பேரு முதுகு வளைஞ்சிருக்கறதையும் தசை புடைச்சிருக்கறதையும் சிற்பி அவ்ளோ நிஜமா செதுக்கியிருக்காரு, மேல இருக்கற கிராண்ட் மாஸ்டர விட்டுட்டு கண்ணு அங்கேயே போகுது. கொட்டோனேர் இத எதிர்பார்த்திருக்க மாட்டாரு.

பீடத்தப் பத்தி ரொம்ப சொல்லல. அங்க இயேசு திருமுழுக்கு வாங்குற பெரிய மார்பிள் சிற்பம் இருக்கு, முதல்ல அந்த வேலை மெல்கியோரே கஃபாங்கற மால்டா சிற்பிக்கு வந்துச்சு, ரோம்ல பெரிய ஆளா வந்துட்டு இருந்தவரு, 1667-ல வேலை செய்யற இடத்துல விபத்துல சின்ன வயசுலயே போயிட்டாரு, கடைசியில ஜுசெப்பே மாத்சுவோலிதான் 1700-கள் ஆரம்பத்துல முடிச்சுக் கொடுத்தாரு. அந்த கஃபாவோட தம்பிதான் லொரென்சோ கஃபா, மதீனா பேராலயத்த கட்டினவரு. 1693 ஜனவரியில சிசிலிய தரைமட்டமாக்கின பூகம்பம் மதீனா பழைய கோயிலையும் உலுக்கிடுச்சு, அதுக்கப்புறம் 1696 லேந்து 1705 வரைக்கும் புதுசா கட்டினது அது. வெளியிலேந்தே பரோக் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா அங்க போங்க, குவிமாடம் தூரத்துலேந்தே தெரியும்.

இப்ப தரை. எனக்கு கூரைய விட தரைதான் மனசுல நின்னுச்சு. மொத்த தரையும் கல்லறை, ஏறக்குறைய 400 நைட்டுங்க, அதிகாரிங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மார்பிள் பலகை. தாஜ்மஹால் சுவத்துல கல்லுக்குள்ள கலர் கல்லு வெட்டி பதிச்சிருப்பாங்கல்ல, அந்த ஜாதி வேலை. ஒவ்வொரு பலகையிலயும் குடும்பச் சின்னம், லத்தீன்ல அவர் பெருமை, சுத்தி ஆயுதம், கொடி, எக்காளம் ஊதுற தேவதை. கூடவே எலும்புக்கூடு. ஒண்ணு ரெண்டு இல்ல, எங்க பாத்தாலும் எலும்புக்கூடு, ஒண்ணு அரிவாளோட நிக்குது, ஒண்ணுகிட்ட மணல் கடிகாரம். நான் கால் தூக்கி வச்ச இடத்துல ஒரு மண்டையோடு என்னைப் பாத்து சிரிச்சுட்டு இருந்துச்சு, வெள்ளை மார்பிள்ல பல்லு ஒவ்வொண்ணும் தனியா வெட்டி பதிச்சிருக்கான், கண்ணுக்குழிக்கு கறுப்பு. நிழல் விழற பக்கத்துக்கு சாம்பல் கலர் கல்லு. கல்லையே பெயிண்ட் மாதிரி யூஸ் பண்ணியிருக்கான். பக்கத்துல ஒரு அம்மா அத மிதிக்க வேண்டாம்னு ஓரமா சுத்திப் போனாங்க, ஆனா அந்தப் பக்கம் இன்னொருத்தன் படுத்திருக்கான், தப்பிக்க வழியே கிடையாது.

இங்க குச்சி ஹீல்ஸ் போட்டுட்டு வந்தா உள்ள விட மாட்டாங்க, மார்பிள் போயிடும்னு. போறவங்க முன்னாடியே செருப்ப பாத்து போட்டுக்கோங்க.

இந்த இடத்துல நின்னு யோசிச்சா நாடகம் பிடிபடும். அண்ணாந்து பாத்தா மோட்சம், ஒளி, மேகம், பறக்கற தேவதைங்க. குனிஞ்சா சாவு. நடுவுல நீ. ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க முடியாது, தலைய மேல கீழ ஆட்டிட்டே இருக்கணும். யாரோ நூல் கட்டி நம்ம தலைய இழுக்கற மாதிரி இருக்கும், அதுக்குத்தான் அப்படி வச்சிருக்காங்க.

அடுத்து, தங்கமே இல்லாத அந்த ஓவியம். கோயிலோட ஒட்டின மாதிரி ஒரு பிரார்த்தனை மண்டபம் இருக்கு, 1600-கள் ஆரம்பத்துல கட்டினது, நைட்டா சேரப்போற இளவட்டப் பசங்களுக்கு ஜெபமும் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கறதுக்கு. அந்த மண்டபத்துச் சுவத்துலயும் பிற்பாடு பிரெத்தி தங்க வேலை பண்ணாரு. ஆனா எதிர்ல பீடத்துக்கு மேல தொங்குற படத்துக்கு முன்னாடி அதெல்லாம் கண்ணுல படாது. கரவாஜ்ஜோ 1608-ல வரைஞ்சது, யோவான தலை வெட்டுற காட்சி. அகலம் மட்டும் 5 மீட்டருக்கு மேல, அவர் வரைஞ்சதுலயே பெருசு.

கரவாஜ்ஜோ யாருன்னா, ரோம்ல அந்தக் காலத்து ஸ்டார் ஓவியர், கை வேலை எவ்ளோ சுத்தமோ வாய்த்துடுக்கு அவ்ளோ ஜாஸ்தி, 1606-ல ஒரு சண்டையில ஒருத்தன குத்திக் கொன்னுட்டு ஓடினாரு. நேப்பிள்ஸ் போயி, அங்கேந்து 1607-ல மால்டா வந்தாரு. நைட்டு ஆயிட்டா மன்னிப்பு கிடைக்கறது சுலபம்னு ஒரு கணக்கு. சபைக்கும் இப்படி ஒரு ஓவியர் கையில இருந்தா கௌரவம். 1608 ஜூலையில அவர சபையில சேத்துக்கிட்டாங்க, கொலைகாரன்னு தெரிஞ்சுதான்.

படத்த பாருங்க. ஜெயில் முற்றம். இடது பக்கம் அஞ்சு பேரு நெருக்கியடிச்சு இருக்காங்க. யோவான் தரையில குப்புற கிடக்காரு, வெட்டு விழுந்துடுச்சு ஆனா தலை முழுசா வரல. வாளு கீழ கிடக்கு. வெட்டுனவன் ஒரு கையால அவர் முடிய பிடிச்சுட்டு இன்னொரு கைய இடுப்புக்குப் பின்னாடி கொண்டு போறான், அங்க சின்னக் கத்தி, மிச்சத்த அறுத்து முடிக்க. ஜெயிலர் விரல நீட்டி, தட்டுல போடுன்னு காட்டுறான், ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி. ஒரு பொண்ணு தட்ட ஏந்தி குனிஞ்சு நிக்குது. பக்கத்துல ஒரு கிழவி மட்டும் ரெண்டு கையாலயும் தலைய பிடிச்சுட்டு நிக்கறா, அந்தக் கூட்டத்துல மனுஷ ஜென்மம்னு அவ ஒருத்திதான். தேவதை இல்ல, மேகம் இல்ல, மேலேந்து ஒளி இறங்கல. புனிதர் சாகறார்னா வானம் திறக்கணும்ல? இங்க திறக்கல. வலது பக்கம் பூரா வெறும் சுவரு, இருட்டு, ஒரு கயிறு, கம்பி போட்ட ஒரு ஜன்னல். அந்த ஜன்னல்ல ரெண்டு கைதிங்க கழுத்த நீட்டி எட்டிப் பாக்கறாங்க.

அந்த ரெண்டு பேரத்தான் நான் ரொம்ப நேரம் பாத்தேன். அவங்க பண்ற வேலையத்தான நானும் பண்றேன், எட்டி நின்னு வேடிக்கை. படத்துல இருக்கற ஆளுங்க நம்ம உயரத்துக்கு கிட்டத்தட்ட இருக்காங்க, தரை நம்ம தரையோட சேர்ற மாதிரி இருக்கு, அந்த வெத்துச் சுவரு முன்னாடி ஒரு இடம் காலியா கிடக்கு, அது எனக்காக விட்டு வச்ச இடமோன்னு ஒரு நொடி தோணிச்சு. பெரிய கோயில்ல பிரெத்தி தங்கத்தையும் நிழலையும் வச்சு என்ன பண்ணாரோ அதையேதான் இவர் அவருக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே இருட்டையும் காலி இடத்தையும் வச்சு பண்ணிட்டாரு, ஆள உள்ள இழுத்துட்டாரு. அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே பேரு. சொல்லப்போனா எனக்கு தங்கத்த விட இந்த இருட்டுதான் பரோக்கோட உயிர்னு படுது, பிரெத்தி ரசிகருங்க மன்னிக்கணும்.

பக்கத்துலயே அவரோட இன்னொரு படமும் இருக்கு, புனித ஜெரோம் எழுதிட்டு இருக்கற மாதிரி, சின்னது. அத 1984 கடைசியில சட்டத்துலேந்து அறுத்து திருடிட்டுப் போயிட்டாங்க, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுதான் மீட்டாங்க. அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்றேன்.

பெரிய படத்துல இன்னும் ஒண்ணு பாக்கணும், கிட்டப் போய் குனிஞ்சு பாத்தாதான் தெரியும். யோவான் கழுத்துலேந்து ரத்தம் தரையில வழிஞ்சு ஓடுதுல்ல, அந்த ரத்தத்துலேந்தே இழுத்து எழுதின மாதிரி கொஞ்சம் எழுத்து இருக்கு. மிக்கேலாஞ்செலோ, அதுதான் கரவாஜ்ஜோவோட சொந்தப் பேரு, அவர் கையெழுத்து போட்ட ஒரே படம் இதுதான். பேருக்கு முன்னாடி எஃப்னு ஒரு எழுத்து. ஃப்ரா, அதாவது சகோதரர், சபையில சேந்த நைட்டுங்க போட்டுக்கற பட்டம், அதுக்கான சுருக்கம்னு சொல்றாங்க. இவ்ளோ நாள் ஓடி ஒளிஞ்ச மனுஷன் நானும் உங்கள்ல ஒருத்தன்னு ரத்தத்துல எழுதி வச்சிருக்காரு.

சேந்த சில வாரத்துலயே மறுபடி ஒரு அடிதடி, ஒரு சீனியர் நைட்டுக்கு காயம், இவர கோட்டையில அடைச்சாங்க, அக்டோபர்ல அங்கேந்து தப்பிச்சு சிசிலிக்கு ஓடிட்டாரு. 1608 டிசம்பர் 1-ஆம் தேதி நைட்டுங்க எல்லாரும் கூடி, ஆள் இல்லாமலே அவர சபையிலேந்து நீக்கினாங்க, அழுகி நாத்தம் எடுத்த உறுப்ப வெட்டி எறியற மாதிரின்னு பதிவுல எழுதினாங்க. கூட்டம் நடந்தது அதே மண்டபத்துல, அதே படத்துக்கு முன்னாடி. ஆள எடுத்துட்டாங்க, அந்த எஃப்ப யாரும் அழிக்கல, இப்பவும் அங்கதான் இருக்கு.